சப்டைட்டில் இல்லாத நான்கு நிமிடம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. லண்டன் இல்ஃபோர்ட் ஸ்டேஷனில் சிக்னல் பழுதாகி ரயில்கள் நின்றுபோன ஒரு சனிக்கிழமை பின்னேரம், பிளாட்பார இருக்கையில் பக்கத்தில் இருந்த றூபினி எனக்குச் சொன்னது.

"நீங்கள் எழுதுறனீங்கள்தானே அண்ணை? ஒண்டு சொல்லட்டோ? ஆனா எழுதக் கூடாது."

எழுதக் கூடாது என்று சொல்லி எழுதுகிறவனிடம் ஒன்றைக் கொடுப்பது, பூனைக்கு முன்னால் மீனை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவது போல. மூன்று மாதம் நச்சரித்தேன். கடைசியில் இரண்டு நிபந்தனையுடன் விட்டார். பெயர்களை மாற்ற வேண்டும். அந்த நான்கு நிமிடத்தில் சொல்லப்பட்டதையும் மாற்ற வேண்டும். மாற்றியிருக்கிறேன். மிச்சத்தை நீங்கள் நம்பலாம்.

மூன்று ஆரம்பங்கள் எழுதிப் பார்த்தேன்.

"பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநரும் திரைக்கதையாசிரியருமான மத்தில்ட் கெருவான் 1946ஆம் ஆண்டு" — இது கலைக்களஞ்சியம். விட்டேன்.

"லண்டனில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு" — அதைச் சொல்ல ஒரு கதை வேண்டுமா?

"றூபினி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்." — இது இருக்கட்டும்.

2

றூபினி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. பத்து வயதில் தாய் தகப்பனோடு யாழ்ப்பாணத்திலிருந்து பாரிசுக்கு வந்தவர். இருபத்திரண்டில் ஆரணனைக் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தார். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் அவர் வாயில் ஒரே வேகத்தில் ஓடும். ஆஸ்பத்திரிகளிலும் அகதி வழக்குகளிலும் மொழிபெயர்ப்பதுதான் வேலை. அந்த வேலையில் சொல்லைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, மாற்றக் கூடாது. புற்றுநோய் என்று டாக்டர் சொன்னால் புற்றுநோய் என்றே சொல்லிப் பழகியவர் அவர். இருபது வருடத்தில் ஒரு சொல்லையும் விழுங்கியதில்லை.

பழைய படங்களைத் துடைத்துப் புதுப்பிக்கும் ஒரு கம்பனி அவருக்கு ஒரு வேலை அனுப்பியிருந்தது. 'ஈரத் துணிகள்' என்ற பிரெஞ்சுப் படம், 1999இல் வந்தது. நடுவில் நான்கு நிமிடம் ஒரு பெண் தமிழில் பேசுகிறாள். அதற்கு இதுவரை சப்டைட்டில் இல்லை. இப்போது போட வேண்டும். அரைநாள் வேலை.

காட்சி இதுதான். பாரிசில் உடுப்புத் தோய்க்கும் கடை ஒன்று. இரண்டு பெண்கள் ஒரு பெரிய படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து மடிக்கிறார்கள். ஒருத்தி பிரெஞ்சு நடிகை, கணவனைப் புதிதாக இழந்தவளாக நடிக்கிறாள். மற்றவள் கொண்டையை இறுக்கிக் கட்டிய ஒரு தமிழ்ப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். மடிப்புக்கு மடிப்பு இருவரும் கிட்ட வருகிறார்கள். தமிழ்ப் பெண் பேசுகிறாள். மற்றவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இந்த மனுசி என்ன வேணுமெண்டாலும் கதை எண்டுறா. கமராவைப் பாக்கக் கூடாதாம். எனக்குக் கால் விறைக்குது."

றூபினி சிரித்துக்கொண்டே அதைத் தட்டெழுதினார். அடுத்தது இப்படி வந்தது:

"அக்கா, நான் சுசிலா. ஏழு வருசமா என்னை ஒருத்தரும் இப்பிடிக் கூப்பிடேல்லை."

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். மன்னாரில் இரண்டு சகோதரிகள், பெர்னடெற் மூத்தவள், சுசிலா இளையவள். சண்டைக்குள் மடு அகதி முகாமுக்கு ஓடுகிறார்கள். பெர்னடெற்றுக்குப் பிரான்சுக்குப் போக பாஸ்போர்ட், விசா எல்லாம் சரிவந்த கிழமையில், இரண்டே நாள் காய்ச்சலில் அவள் செத்துப்போனாள். அந்தச் சாவுக்குப் பதிவு இல்லை. இருவருக்கும் முகச்சாடை ஒன்று. "நீ போ. இனி நீதான் பெர்னடெற்" என்று தகப்பன் இளையவளை அனுப்பிவிட்டார். பிரான்சில் அகதி விண்ணப்பத்தில் குடும்ப விபரம் கேட்டார்கள். தங்கை சுசிலா இறந்துவிட்டாள் என்று இவள் சொன்னாள்.

"என்ரை சாவை நானே சொல்லிக் குடுத்தன் அக்கா. அதையும் எழுதி முத்திரை குத்திச்சினம்."*

விரிப்பு மடிந்து முடிந்தும் அவள் பேசுகிறாள். திடீரென்று படம் வெள்ளையாகிப் போகிறது. அதுவரை அவள் வாய் அசைந்துகொண்டுதான் இருக்கிறது.

(* இந்த வரி நான் எழுதியது. அவர் சொன்னது வேறு. எவ்வளவு வேறு என்று கேட்காதீர்கள்.)

3

இங்கே ஒரு வாழ்க்கை வரலாறு வேண்டும். றூபினிக்கு அது வேண்டியிருந்தது. யார் இந்த மத்தில்ட் கெருவான்? ஒரு பெண்ணின் உயிர் இரகசியத்தை வாங்கி, என்னவென்றே கேட்காமல், படத்தில் ஒட்டிவிட்ட மனுசி யார்? முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "அகதிப் பொம்பிளையின்ரை ஒப்பாரியைப் பின்னணி மியூசிக் மாதிரிப் போட்டிருக்கிறா" என்று ஆரணனிடம் கத்தினார். (அந்தக் கோபத்தில் நானும் ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. பின்னால் நடந்ததைக் கேட்டபிறகு கிழித்துவிட்டேன்.)

மத்தில்ட் பிரான்சின் மேற்குக் கரையில் ஒரு துறைமுக ஊர்க்காரி. தகப்பன் முடி வெட்டுகிறவர். பத்தொன்பது வயதில் பாரிசுக்கு வந்து ஒரு சினிமாக் கம்பனியில் தட்டெழுத்து வேலைக்குச் சேர்ந்தாள். ஆண்கள் கையால் எழுதித் தரும் திரைக்கதைகளைச் சுத்தமாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். வசனம் செத்துக் கிடந்த இடங்களில் தட்டும்போதே திருத்திவிடுவாள். எட்டு மாதம் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருநாள் ஒத்திகையில், தான் பகிடி எழுதாத இடத்தில் நடிகர்கள் விழுந்து சிரிப்பதை ஒரு இயக்குநர் கண்டார். கூப்பிட்டார். வேலை போகப் போகிறது என்று கைப்பையையும் எடுத்துக்கொண்டு போனாள். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரு, அடுத்த காட்சியையும் எழுது" என்றார்.

அதற்குப் பிறகு ஆண்களுக்காகப் பதினாறு திரைக்கதைகள். சிலவற்றில் அவள் பெயரே வரவில்லை. மத்தில்ட் எழுதினால் கதவுப் பிணைச்சல்கூட வாக்குவாதப்படும் என்று சொல்வார்களாம். நாற்பத்தொரு வயதில்தான் சொந்தமாக முதல் படம் எடுத்தாள், ஓடியது. இரண்டாவது விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டே பார்க்கக்கூடிய படம் என்று ஒரு விமர்சகர் எழுதினார். மூன்றாவது அவளைக் காப்பாற்றியது. நான்காவது 'ஈரத் துணிகள்'.

றூபினி ஒன்பது படங்களையும் தேடி எடுத்து வரிசையாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குள் ஏதோ நடந்தது. முதல் மூன்று படங்களில் ஆட்கள் மூச்சுவிடாமல் பேசினார்கள். நான்காவதில் அந்த நான்கு நிமிடம். ஐந்தாவதில் பேச்சு பாதியாகியது. ஆறாவதில் அதிலும் பாதி. கடைசிப் படத்தின் திரைக்கதை மொத்தமே ஒன்பது பக்கம் என்று எங்கோ வாசித்தார். இரண்டு மணித்தியாலம் ஓடும் அந்தப் படத்தில் ஒரு கிழவனும் மகளும் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள், அவ்வளவுதான். படம் முடிந்து பெயர்கள் ஓடியும் அவரால் எழும்ப முடியவில்லை.

"என்னப்பா, முடிஞ்சுபோச்சு. இன்னும் என்னத்தைப் பாக்கிறீர்?" ஆரணன் எட்டிப் பார்த்தார்.

"இந்த மனுசி கதைக்கிறதை விட்டிட்டா."

"நல்ல விசயம்தானே."

"பகிடி விடாதையுங்கோ. வசனத்தாலையே பேர் எடுத்தவ. அதையே கொஞ்சம் கொஞ்சமாக் கீழை வைச்சிட்டுப் போயிருக்கிறா. எப்பிடி ஏலும் ஒருத்திக்கு?"

நானும் அந்தக் கேள்வியோடு கொஞ்சநேரம் இருந்தேன். எனக்கு ஒரு நல்ல உவமை வந்தால் அதை வெட்டுவதற்கு ஒரு வாரம் ஆகும்.

4

படத்தில் நடித்ததற்குக் கையெழுத்து வாங்கிய தாள் கம்பனியிடம் இருந்தது. பெர்னடெற் என்ற பெயர், பாரிசில் ஒரு பழைய விலாசம். அங்கே விசாரித்தால், அவர் எப்போதோ லண்டனுக்குப் போய்விட்டார் என்றார்கள். றூபினி லண்டனில் ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போய், பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் விசாரித்தார். மூன்றாவது ஞாயிறு ஒருவர் சொன்னார்: "பாரிசிலை இருந்து வந்த பெர்னடெற்ரக்காவோ? ஃபாரஸ்ட் கேட்டிலை, பள்ளிக்கூடக் குசினியிலை வேலை செய்யிறா."

கதவைத் திறந்தவருக்கு அறுபத்தொரு வயது. வேலையால் வந்து உடுப்புக்கூட மாற்றவில்லை. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"கவுன்சிலிலை இருந்து வந்த ஆளோ?"

"இல்லை அக்கா. ஒரு படம் சம்பந்தமா. பாரிசிலை, உடுப்புத் தோய்க்கிற கடையிலை எடுத்தது…"

"ஐயோ! அது இன்னும் இருக்கோ?" அவர் வாயைப் பொத்திச் சிரித்தார். "நான் அதைப் பாக்கவே இல்லை. எடுத்து முடிய ஷிப்டுக்கு ஓடினனான். வடிவாக் கதைச்சிருக்கிறனோ?"

"அக்கா, நான் முழுக்கக் கேட்டனான்."

சிரிப்பு நின்றது. அவர் போய் அடுப்பை அணைத்தார். திரும்பி வந்து றூபினியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப என்ரை பேர் உமக்குத் தெரியும்."

"ஓம்."

"ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

"சுசிலாக்கா."

அவர் கதிரையைத் தேடவில்லை. நின்ற இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டார். கண்ணீர் பெருக்கெடுத்து —

(இந்தப் பிரதியை வாசித்த றூபினி தொலைபேசி எடுத்தார். "அழேல்லை அண்ணை. அவ சிரிச்சவ. பிழையா எழுதாதையுங்கோ." சரி.)

அவர் சிரித்தார். நிலத்தில் இருந்தபடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். "இன்னொருக்காச் சொல்லும்" என்றார். றூபினி சொன்னார்.

பிறகுதான் சுசிலாவுக்குப் பயம் வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை, லண்டன் வதிவிட உரிமை, மகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் பெர்னடெற் என்ற பெயரின் மேல் நிற்கின்றன. அந்த நான்கு நிமிடம் இங்கிலீசில் எழுத்தாக வந்தால் யார் கண்ணில் படும் என்று யாருக்குத் தெரியும்?

"மகளுக்குத் தெரியுமோ அக்கா?"

"பிறேமினிக்கோ? சிவனே எண்டு இருக்கிறாள் பிள்ளை." கத்தோலிக்க வாயில் சிவன் வந்ததை அவர் கவனிக்கவில்லை. "அவள் நல்ல பக்தி. ஒவ்வொரு நவம்பரும் இறந்த ஆக்களுக்கான பூசைக்கு என்ரை பேரைக் குடுக்கிறாள். 'சுசிலாச் சித்திக்காக.' நான் பக்கத்திலை நிண்டு ஆமென் சொல்லுறனான்."

"நான் அதை எழுத மாட்டன் அக்கா" என்றார் றூபினி.

"உம்மடை வேலைக்குப் பிரச்சினை வராதோ?"

"பேசுவினம். பேசட்டும்."

அன்று மாலை கம்பனிக்கு எழுதினார்: தமிழ்ப் பகுதியை மொழிபெயர்க்க என்னால் முடியாது, காரணம் சொல்லவும் முடியாது. இருபது வருடத்தில் முதல் தடவை. மூன்றாம் நாள் பதில் வந்தது. முடிவு இயக்குநருடையது. அவர் அடுத்த மாதம் லண்டனுக்கு வருகிறார், உங்களைச் சந்திக்க விரும்புகிறார்.

5

தேம்ஸ் கரையில் உள்ள ஒரு திரையரங்கில் இரண்டு கிழமை மத்தில்ட் கெருவானின் படங்களைக் காட்டினார்கள். 'ஈரத் துணிகள்' காட்டும் நாள், படத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்பு, அங்கிருந்த கஃபேயில் இருவரும் சந்தித்தார்கள். எழுபத்தொன்பது வயது, சிறிய உருவம், ஒரு காதில் கேட்கும் கருவி.

(அவர் பிரெஞ்சில் பேசியதை நான் புத்தகத் தமிழில் தருகிறேன். அவரை மன்னார்த் தமிழ் பேச வைக்க ஆசையாக இருந்தது. துணிவு வரவில்லை.)

"கேட்டீர்களா?"

"கேட்டேன்."

"முழுவதும்?"

"முழுவதும்."

"நல்லது. எனக்குச் சொல்லிவிடாதீர்கள்."

றூபினிக்குப் பழைய கோபம் திரும்ப வந்தது. "இருபத்தாறு வருடம். அவர் என்ன சொன்னார் என்று அறிய உங்களுக்கு ஒருநாள்கூட ஆசை வரவில்லையா?"

"ஒவ்வொரு நாளும் வந்தது" என்றார் மத்தில்ட்.

பிறகு மெதுவாகச் சொன்னார். அந்தக் காட்சிக்கு அவர் பதினொரு தடவை வசனம் எழுதினாராம். பதினொன்றும் அவருடைய குரலிலேயே இருந்தன. மொழிபெயர்த்தாலும் அவர்தான் பேசுவார். படப்பிடிப்பு நாள், தமிழ்ப் பெண்ணாக நடிக்க வேண்டியவளுக்குச் சளிக்காய்ச்சல். கமராவில் ஒரு சுருள்தான் மிச்சம். அந்தக் கடையில் வேலை செய்த பெண் ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பேச வேண்டும் என்று கேட்டாள். நான் முப்பது வருடமாக மற்றவர்களுக்கு என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தே பிழைத்தவள். எனக்குப் பதில் வரவில்லை. இந்த நாட்டில் யாரும் உங்களிடம் கேட்காததைச் சொல்லுங்கள் என்றேன். அவள் சொன்னாள். சுருள் முடிந்தது. ஒருவரும் 'கட்' சொல்லவில்லை. ஒலிப்பதிவாளர் அழுதுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவள் பேசி முடித்து, கையைத் துடைத்து, 'முடிந்துவிட்டதா?' என்று கேட்டுவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். நான் எழுதியதெல்லாம் அவளோடு அந்தக் கதவால் வெளியே போயிற்று. அதன்பிறகு நான் ஒரு வசனம் எழுதும்போதெல்லாம், இது அவள் பேசியதுபோல் இருக்கிறதா என்று கேட்பேன். இல்லை. வெட்டுவேன்."

"ஏன் மொழிபெயர்க்கவில்லை?"

"அது எனக்குச் சொன்னதல்ல. வேறு யாருக்கோ சொன்னது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கம்பனியிடமும் சப்டைட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்."

அவர் அடுத்துச் சொன்ன விடயத்துக்காகத்தான் இந்தக் கதையை நான் எழுதுகிறேன்.

"பாரிசில் படம் ஓடியபோது உங்கள் ஆட்கள் சிலர் வந்தார்கள். உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர்கள், பலசரக்குக் கடைக்காரர்கள். படம் முடிந்ததும் என்னிடம் வந்து கையைப் பிடிப்பார்கள். கண் சிவந்திருக்கும். 'நன்றி' என்பார்கள், போய்விடுவார்கள். பிறகு வேறு ஊர்களிலும் அப்படித்தான். ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, அவள் என்ன சொன்னாள் என்று எனக்கோ பத்திரிகைக்கோ சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். யாரும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளவில்லை. நான் ஒன்பது படம் எடுத்தேன் அம்மா. இதைப்போல ஒன்றை என்னால் எடுக்க முடியவில்லை."

தான் ஒருத்திதான் வாயை மூடியதாக றூபினி நினைத்திருந்தார். தனக்கு முன்னால் எத்தனையோ பேர், பெயர் தெரியாதவர்கள், அதே இருட்டில் இருந்து அதையே கேட்டு, அதையே செய்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

6

படம் தொடங்கக் கொஞ்சம் முன்னால், றூபினி கூப்பிட்டிருந்தபடி சுசிலா வந்தார். தனியாக வரவில்லை.

"அன்ரி, அம்மா ஒரு மூவி ஸ்டாராம்! எனக்கு ஒரு வேர்ட் சொல்லேல்லை இவ்வளவு நாளும்!" இருபத்தெட்டு வயதுப் பிறேமினி குதித்துக்கொண்டு நின்றாள்.

றூபினி சுசிலாவை ஒரு பக்கம் இழுத்தார். "அக்கா, பிள்ளைக்குத் தமிழ் வடிவா விளங்குமே."

"விளங்கும். அதுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். என்ரை வாயாலை சொல்ல ஏலாது. அண்டைக்குச் சொன்னனான்தானே, அது சொல்லட்டும்."

றூபினி அவர்களுக்குப் பின்வரிசையில் இருந்தார். முந்நூறு பேர் கொண்ட அரங்கு நிறைந்திருந்தது. அந்தக் காட்சி வந்தது. திரையில் முப்பத்தைந்து வயது அம்மா. "எனக்குக் கால் விறைக்குது." பிறேமினி பலமாகச் சிரித்தாள். முந்நூறு பேரில் அவள் ஒருத்தி மட்டும். சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, நான் சுசிலா."

பிறேமினியின் தோள் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகமோ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, தன்னை முதல் தடவையாக. சுற்றியிருந்த அத்தனை பேரும் ஒரு சொல்லும் விளங்காமல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

விளக்குப் போட்டதும் கைதட்டலுக்கு நடுவில் பிறேமினி கேட்டது றூபினிக்குக் கேட்டது.

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆருக்குப் பூசை குடுத்தனான்?"

"எனக்குத்தான். அதாலைதான் உயிரோடை இருக்கிறன் போலை."

பிறேமினி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பெரியம்மாவுக்கு ஒருத்தரும் குடுக்கேல்லையே அம்மா. முப்பது வருசத்துக்கு மேலை. ஒருத்தருமே." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சுசிலா அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். சனம் எழுந்து போகும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

வெளியே கூடத்தில் மத்தில்ட் நின்றார். கூட்டத்துக்குள்ளால் ஒரு முகத்தைக் கண்டு, பேசிக்கொண்டிருந்தவரை அப்படியே விட்டுவிட்டு வந்தார். இரண்டு பெண்களும் எதிரெதிரே நின்றார்கள். கட்டிப்பிடிக்கவில்லை. மத்தில்ட் சுசிலாவின் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதிய பிரதியில் பெயர்களைத் திருத்துகிறார்கள்" என்றார். "உங்களுக்கு நேராக 'துணி மடிக்கும் பெண்' என்றுதான் இருக்கிறது. கையெழுத்துத் தாளில் ஒரு பெயர் உண்டு. அது அலுவலகத்துக்குக் கொடுத்தது. நீங்கள் எனக்குச் சொல்லுங்கள். என்ன பெயர் போடட்டும்?"

றூபினி மொழிபெயர்க்க வாயெடுத்தார். தேவைப்படவில்லை. பன்னிரண்டு வருடம் பாரிசில் இருந்தவருக்கு அது விளங்கியது. சுசிலா மகளைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்கோ அம்மா" என்றாள் பிறேமினி.

அவர் ஒரு பெயரைச் சொன்னார்.

7

எந்தப் பெயர் என்று றூபினி எனக்குச் சொன்னார். அதை எழுதவும் செய்தேன்.

ஒரு முடிவில், மத்தில்ட் உச்சரிப்பு வராமல் அதை மூன்று தடவை சொல்லிப் பார்க்கிறார். வெட்டிவிட்டேன். பெர்னடெற் என்பதற்கு ஒரு பிரெஞ்சுக்காரி மூன்று தடவை முயலத் தேவையில்லை, நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இன்னொரு முடிவில், எப்படி எழுதுவது என்று கேட்காமலே அவர் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொள்கிறார். அதையும் அதே காரணத்துக்காக வெட்டிவிட்டேன்.

மூன்றாவதில் பிறேமினி — வேண்டாம்.

அக்காவின் சாவுக்கு இந்த உலகத்தில் ஒரு வரிகூட இல்லை. உயிரோடு இருக்கும் தங்கை எல்லாக் கடுதாசியிலும் செத்தவள். ஒரு பெயருக்குத்தான் இடம். எதைச் சொன்னாலும் மற்றவளுக்குத் துரோகம், எதைச் சொன்னாலும் அன்பு. அதை ஒரு நொடியில், ஒரு கூடத்தின் நடுவில் நின்று முடிவெடுத்தவர் அவர். அதை எழுதிக் காட்ட எனக்கு என்ன தகுதி?

படத்தின் உண்மையான பெயரை நான் சொல்லவில்லை. அதனால் இனி எந்தப் படத்துக்குப் போனாலும், பெயர்கள் ஓடி முடியும்வரை எழும்பாதீர்கள். விளக்குப் போட்டாலும், கூட்டுகிறவர் தும்புத்தடியோடு வந்து நின்றாலும் இருங்கள். உங்களுக்கு மட்டும் விளங்கும் ஒரு பெயர் மேலே போனால், பக்கத்தில் இருப்பவரிடம் ஒன்றும் சொல்லாமல், கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.